ஸ்வெட்டர் துண்டுகளை இணைக்கும் தையல் தடித்துப் போகிறது, நிறுத்தி வைத்த கண்ணிகளும் தளர்கின்றன

நூல்கண்டு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு ஸ்வெட்டரின் முன் துண்டு, பின் துண்டு, இரண்டு கைகள் எல்லாம் போட்டாயிற்று. இணைப்பதில் நிற்கிறேன். கணக்கைச் சொன்னால்தான் பதில் சொல்ல வசதியாக இருக்கும் என்பதால் முழுதாகத் தருகிறேன்.

நடுத்தரக் கனமுள்ள கம்பளி நூல், 4 மி.மீ. ஊசி, ஸ்டாக்கினெட் (நல்ல பக்கம் முழுக்க வி வடிவங்களாகத் தெரியும் சாதாரணப் பின்னல்). 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை. முன்னும் பின்னும் தலா 102 கண்ணி. கீழே 2 நிட் (முன்னால் வி தெரியும் கண்ணி), 2 பர்ல் (முன்னால் மேடு தெரியும் கண்ணி) என்று மாறி மாறி வரும் ரிப் பட்டை. ரிப்பையும் சேர்த்து அக்குள் வரை 40 செ.மீ. கைக்குழிக்கு வளைவு எதுவும் கொடுக்கவில்லை. அக்குளிலிருந்து தோள்வரை நேராக 62 வரிசை. பின் துண்டின் மேல் விளிம்பில் தோளுக்கு 29, கழுத்துக்கு 44, தோளுக்கு 29 என்று கண்ணிகள் காஸ்ட் ஆஃப் செய்யாமல், அதாவது மூடி முடிக்காமல், நிற்கின்றன. முன் துண்டிலும் தோளுக்கு 29 + 29 அப்படியே. கையின் மேல் விளிம்பு 90 கண்ணி, காஸ்ட் ஆஃப் செய்தாயிற்று.

பிரச்சினைகள்:

முதலாவது, பக்கத் தையல். நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, பின்புறமிருந்து கெட்டித்தையல் போட்டேன். வெளியே மேடு தட்டுகிறது. வரிசை எண்ணிக்கை சமமாக இருந்தும், மேலே வந்து சேரும்போது முன் துண்டு கிட்டத்தட்ட 3 செ.மீ. மிச்சம் நிற்கிறது. பிரித்துவிட்டேன்.

இரண்டாவது, தோள் கண்ணிகளை சேஃப்டி பின் மாதிரியான உலோக ஹோல்டரில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு முனைகளிலும் உள்ள கண்ணிகள் பெரிதாகிவிட்டன. ஒன்று நழுவி 3 வரிசை கீழே இறங்கியிருக்கிறது.

மூன்றாவது, தோளைக் கிச்னர் முறையில் (திறந்த கண்ணிகளை உல்லன் ஊசியால் கோத்துத் தைப்பது) இணைப்பதா, மூன்று ஊசி காஸ்ட் ஆஃபா (இரண்டு ஊசிகளின் கண்ணிகளை மூன்றாவது ஊசியால் சேர்த்து மூடுவது)?

நான்காவது, 90 கண்ணி உள்ள கையை 124 வரிசை உள்ள கைக்குழியோடு எப்படிச் சுருக்கம் இல்லாமல் பொருத்துவது?

---

ஊசிமுனை பதில்:

இரண்டாவதை முதலில் பாருங்கள். இப்போதே கவனிக்க வேண்டியது அதுதான்.

நழுவிய கண்ணிக்குக் குரோஷே ஊசி போதும். நல்ல பக்கம் உங்களைப் பார்க்கட்டும். கீழே விழுந்து கிடக்கும் வளையத்துக்குள் கொக்கியை முன்னாலிருந்து விடுங்கள். அதற்கு மேலே ஏணிப்படி மாதிரி 3 குறுக்கு நூல்கள் தெரியும். மிகக் கீழே உள்ளதைப் பிடித்து வளையத்தின் வழியே இழுங்கள், பிறகு அடுத்தது, பிறகு அதற்கு மேலே உள்ளது. படியை மாற்றி எடுத்தால் அந்த இடத்தில் ஒரு வரிசை இறுகி, அடுத்தது தொங்கும். கம்பளி நூலாக இருப்பதால் மூன்று வரிசையோடு நின்றிருக்கிறது. பருத்தி, மூங்கில், விஸ்கோஸ் மாதிரி வழுக்கும் நூலில் நழுவிய கண்ணி ஒரு இழுப்பிலேயே வெகுதூரம் ஓடிவிடும்.

முனைக் கண்ணிகள் ஏன் பெரிதாகின என்றால், அந்த ஹோல்டர் வளையாத கம்பி. துண்டைத் தூக்கும்போதும் மடிக்கும்போதும் கனம் முழுவதும் இரண்டு ஓரங்களில் விழுகிறது. ஓரக் கண்ணி பக்கத்துக் கண்ணியிலிருந்து நூலை இழுத்துக்கொண்டு பெருக்கிறது. ஆக, நூல் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பெரிதான கண்ணியிலிருந்து தொடங்கி, மெல்லிய ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணியின் காலையும் சிறிது சிறிதாக இழுத்து, கூடுதல் நூலைப் பக்கத்து 5, 6 கண்ணிகளுக்குப் பங்கிட்டுவிடுங்கள். நனைத்துக் காய வைத்தால் மிச்சமும் சமமாகிவிடும்.

அந்த மாதிரி ஹோல்டர் 10, 15 கண்ணிகளுக்குச் சரி. அதற்கு மேல் போனால் வேற்று நூல்தான் நல்லது. அதற்கும் சில விஷயங்கள் உண்டு.

நூல் வழுவழுப்பாக இருக்கட்டும். பளபளப்பான பருத்தி நூல் மிகப் பொருத்தம். ரோமம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வைத்தால், உருவும்போது அதன் இழைகள் உங்கள் கண்ணிக்குள் ஒட்டிக்கொள்ளும். வெளிர் நிற ஸ்வெட்டருக்குள் சிவப்பு இழை நின்றுவிட்டால் ஒவ்வொன்றாகச் சாமணத்தால் எடுக்க வேண்டியிருக்கும். கனம் உங்கள் நூல் அளவு, அல்லது ஒரு பிடி மெலிந்தது. தடித்த நூல் கண்ணிகளை அகட்டிவிடும். துண்டை நனைக்கப் போகிறீர்கள் என்றால் சாயம் போகாத நூலாகப் பாருங்கள்.

நீளம், கண்ணிகள் நிற்கும் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, இரண்டு பக்கமும் 15 செ.மீ. கூடுதல். உங்கள் தோள் 14.5 செ.மீ. என்பதால் 60 செ.மீ. வெட்டினால் தாராளம். மழுங்கிய முனை உள்ள உல்லன் ஊசியில் கோத்து, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் பர்ல் போடும் வாக்கில், அதாவது வலமிருந்து இடமாக விடுங்கள். அப்போதுதான் கண்ணி முறுக்கிக்கொள்ளாது. முனைகளைத் தளர்வாக முடிச்சிடுங்கள். இறுக்கி முடிந்தால் ஹோல்டரில் நடந்ததே இங்கேயும் நடக்கும்.

திரும்ப ஊசிக்கு மாற்றும்போது 4 மி.மீ. ஊசியால் அள்ளாதீர்கள். 3 அல்லது 3.25 மி.மீ. ஊசியால் எடுத்தால் கண்ணிக்குள் சிரமமில்லாமல் போகும். பின்னும் ஊசி மட்டும் 4 மி.மீ. ஆக இருந்தால் போதும். 29 கண்ணிகளும் ஊசிக்கு வந்து, எண்ணிப் பார்த்த பிறகே வேற்று நூலை உருவுங்கள். எடுத்த கண்ணி ஊசியின்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். வலது கால் ஊசிக்கு முன்னால் இருந்தால் சரி. இடது கால் முன்னால் இருந்தால் அதைப் பின் காலின் வழியாக நிட் போடுங்கள், நேராகிவிடும்.

கேபிளும் முனையும் தனித்தனியாகக் கழலும் ஊசி வைத்திருந்தால், முனைகளைக் கழற்றிவிட்டு கேபிளில் அடைப்பான் போட்டு நிறுத்திவிடலாம். உள்ளே துளை உள்ள சிலிக்கான் குழாயும் நல்ல வழி. ஊசி முனையைக் குழாய்க்குள் செருகிக் கண்ணிகளை அப்படியே தள்ளிவிடலாம், திரும்பவும் அதேபோல. ஒரு கண்ணிகூட அந்தரத்தில் நிற்காது.

---

கம்பளிக்கூடை பதில்:

தோளுக்கு என் வாக்கு கிச்னர். கண்ணிகள் திறந்தே இருக்கின்றன, இரண்டு பக்கமும் 29 சமம். இணைப்பே தெரியாமல் போகும்.

பலரும் கிச்னரை மனப்பாடம் செய்யப் பார்த்துத்தான் குழம்புகிறார்கள். பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நூல் இரண்டு தடவை போக வேண்டும். இரண்டாவது தடவை போன பிறகே அது ஊசியை விட்டு இறங்கும். முன் ஊசிக் கண்ணிக்கு முதல் தடவை பர்ல் வாக்கில், இரண்டாவது தடவை நிட் வாக்கில், அதாவது இடமிருந்து வலமாக. பின் ஊசிக் கண்ணிக்கு அதற்கு நேர் எதிர்: முதலில் நிட் வாக்கில், பிறகு பர்ல் வாக்கில்.

பின் பக்கங்கள் ஒன்றையொன்று தொடும்படி இரண்டு ஊசிகளையும் சேர்த்துப் பிடியுங்கள், இரண்டின் முனையும் வலப்பக்கம். நூல் வால் பின் துண்டிலிருந்து வந்தால் வசதி. நீளம் அகலத்தைப் போல 4 மடங்கு. உங்கள் தோளுக்கு 60 செ.மீ., கையில் பிடிக்க இன்னும் 15 செ.மீ.

ஆயத்தம்: முன் ஊசியின் முதல் கண்ணிக்குள் பர்ல் வாக்கில் விட்டு இழுங்கள், கண்ணி ஊசியிலேயே இருக்கட்டும். பின் ஊசியின் முதல் கண்ணிக்குள் நிட் வாக்கில், அதுவும் ஊசியிலேயே.

பிறகு இந்த நான்கும் திரும்பத் திரும்ப வரும்:

முன் ஊசி: நிட் வாக்கில் விட்டு இறக்கு. அடுத்த கண்ணியில் பர்ல் வாக்கில் விட்டு நிறுத்து.
பின் ஊசி: பர்ல் வாக்கில் விட்டு இறக்கு. அடுத்த கண்ணியில் நிட் வாக்கில் விட்டு நிறுத்து.

நூல் எப்போதும் ஊசிகளுக்கு அடியில் போகட்டும். ஊசியைச் சுற்றி மேலே போனால் அங்கே ஒரு வளையம் கூடுதலாக முளைக்கும். நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்து போனால், முன் ஊசியிலும் பின் ஊசியிலும் முதல் கண்ணிகளுக்குள் நூல் ஒரு தடவை போயிருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். திரும்பி வந்து பார்த்ததும் எங்கே விட்டோம் என்று தெரிந்துவிடும்.

போகும்போதே இறுக்க வேண்டாம். 6, 7 கண்ணிகள் தளர்வாகப் போட்டுவிட்டு, தொடக்கத்திலிருந்து ஊசி முனையால் ஒவ்வொரு காலாக இழுத்து, மேலும் கீழும் உள்ள வி வடிவங்களின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். தைத்த வரிசையும் ஒரு ஸ்டாக்கினெட் வரிசைதான். அதற்கும் மற்ற வரிசைகளின் உயரம் வேண்டும். இறுக்கினால் தோளின் குறுக்கே ஒரு பள்ளம் ஓடும்.

கண்ணுக்கு நேராகப் பார்த்துத் தைக்க ஒரு வழி இருக்கிறது. திறந்த கண்ணிகளுக்கு மேல் வேற்று நூலால் 5, 6 வரிசை ஸ்டாக்கினெட் போட்டுவிட்டு ஊசியை உருவிவிடுங்கள். கம்பளி நூல் என்றால் லேசாக ஆவி காட்டினால் கண்ணிகள் அப்படியே படிந்து நிற்கும். துண்டுகளை மேஜைமேல் எதிரெதிரே பரப்பி, வேற்று நூலைப் பின்னால் மடித்து, அதன் முதல் வரிசை போகும் பாதையிலேயே உல்லன் ஊசியால் போங்கள். பிறகு வேற்று நூலைப் பிரித்துவிடலாம். அக்ரிலிக் நூலுக்கு மட்டும் ஆவி கூடாது. சூட்டில் அது துவண்டு தட்டையாகிவிடும், பழையபடி வராது.

---

இடவலம் பதில்:

கம்பளிக்கூடை சொன்ன கிச்னர் முறை அப்படியே சரி. ஆனா இந்த ஸ்வெட்டரோட தோளுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஸ்வெட்டரோட கனம் முழுக்கத் தோளில்தான் தொங்குது. உடம்பும் இரண்டு கையும் அங்கிருந்துதான் கீழே இழுக்குது. கைக்குழி வளைவு இல்லாததால தோளோட விளிம்பு மேற்கையில இறங்கி நிக்கும், அதோட முனையில கையோட கனமும் சேரும். கிச்னர் போட்டா அந்த இடம் வெறும் ஸ்டாக்கினெட் துணி. இழுத்தா நீளும், குறுக்குவாட்டில தடுக்க எதுவும் இல்ல. நாளாக ஆகத் தோள் அகலமாகி, கை விரலை மூட ஆரம்பிச்சிடும். மூன்று ஊசி முறையில காஸ்ட் ஆஃப் சங்கிலி தோள் நெடுக ஓடும். அந்தச் சங்கிலி நீளாது. அதனாலதான் தோளுக்கு அது.

கிச்னருக்கு ஏத்த இடம் காலுறை முனை, அக்குள், ஹூடோட (ஸ்வெட்டரோட சேர்ந்து தலையை மூடுற துணி) உச்சி. கனம் தொங்காத இடம், இல்லன்னா மேடு உறுத்துற இடம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். இரண்டு துண்டு தலைக்குத் தலை சேரும்போது கிச்னரில் கண்ணிகள் அரைக் கண்ணி விலகித்தான் நிக்கும். ஸ்டாக்கினெட்ல அது ஓரத்தில மட்டும் தெரியும், அங்கே தையலுக்குள்ள போயிடும். ரிப்பை ரிப்போட இப்படிச் சேர்த்தா நிட் கோடுகள் அரைக் கண்ணி தள்ளி முறிஞ்ச மாதிரி தெரியும். எவ்வளவு கவனமாத் தைச்சாலும் மாறாது, கண்ணியோட அமைப்பே அப்படி. ரிப்பில் மூன்று ஊசிதான் போடுங்க.

கார்ட்டர்ல (எல்லா வரிசையும் நிட் போடற பின்னல்) கிச்னர் போடறவங்களுக்கும் ஒரு வார்த்தை. முன், பின் இரண்டு ஊசிக்கும் ஒரே செயல்தான்: நிட் வாக்கில் விட்டு இறக்கு, பர்ல் வாக்கில் விட்டு நிறுத்து. ஆனா கையில பிடிக்கும்போது இரண்டு துண்டிலுமே ஊசியை ஒட்டின மேடு உங்களைப் பார்த்திருக்கணும். பின் ஊசியில மேடு வெளிப்பக்கம் போயிடுச்சுன்னா ஒரு வரிசை கூடவோ குறையவோ போட்டுக்கிட்டுத் தொடங்குங்க. இல்லன்னா இணைப்புல மேடு, பள்ளம் ஒழுங்கு தவறிடும்.

சரி, மூன்று ஊசி. நல்ல பக்கங்கள் ஒண்ணை ஒண்ணு பார்க்கட்டும். இரண்டு ஊசியோட முனையும் வலப்பக்கம். முனை மாறி இருந்தா கண்ணிகளை இருபுறமும் முனை உள்ள ஊசிக்கோ வட்ட ஊசிக்கோ மாத்திக்குங்க. மூணாவது ஊசி 4 மி.மீ. முன் ஊசியில ஒரு கண்ணி, பின் ஊசியில ஒரு கண்ணி, இரண்டையும் சேர்த்து ஒரே நிட். இன்னொரு ஜோடியும் அதே மாதிரி. இப்ப வலது ஊசியில இரண்டு கண்ணி இருக்கும். முதல் கண்ணியை இரண்டாவதுக்கு மேலா எடுத்து இறக்குங்க. கடைசிவரை இப்படியே. கைக்குழி ஓரத்தில தொடங்கிக் கழுத்தில முடிங்க. மீதி வாலை 20 செ.மீ. விட்டு வெட்டினா, கழுத்துப்பட்டை போட்ட பிறகு அந்த மூலையில வர்ற ஓட்டையை அதாலேயே மூடலாம்.

10 கண்ணி ஆனதும் நிறுத்தி அளந்து பாருங்க. உங்க அளவுக்கு அது 5 செ.மீ. வரணும். 4.5 தான் வருதுன்னா சங்கிலி இறுகுது. மூணாவது ஊசியை 4.5 மி.மீ. ஆக்குங்க. எங்கேயாவது ஒரு பக்கம் 28, மறுபக்கம் 29னு வந்தா பிரிக்க வேண்டாம். நடுவுல ஓரிடத்தில, அதிகமா உள்ள ஊசியிலேர்ந்து இரண்டு கண்ணியையும் மற்றதிலேர்ந்து ஒண்ணையும் சேர்த்து நிட் போட்டா வெளியே தெரியாது.

பின் கழுத்து 44 கண்ணி திறந்தே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அதை காஸ்ட் ஆஃப் பண்ணிட்டு, கழுத்துப்பட்டைக்கு அந்த விளிம்பிலேர்ந்தே 44 கண்ணி திரும்ப எடுங்க. இரட்டை வேலை மாதிரி தெரியும். ஆனா திறந்த கண்ணியிலேர்ந்து நேரா பட்டை போனா பின் கழுத்தைப் பிடிச்சு நிறுத்த ஒண்ணுமே இருக்காது, கனமான ஸ்வெட்டர் பின்னால சரியும். முன் கழுத்தோட பக்க விளிம்பில 4 வரிசைக்கு 3 கண்ணி வீதம் எடுத்தா சுருக்கமும் வராது, அலையும் வராது.

---

நூல்கண்டு:

நன்றி. கண்ணிகளை வேற்று நூலுக்கு மாற்றிவிட்டேன், நழுவியதையும் ஏற்றியாயிற்று. தோள் மூன்று ஊசி என்று முடிவு. பக்கத் தையலும் கையும் பாக்கி. மேட்ரஸ் தையல்தான் (நல்ல பக்கத்திலிருந்தே, வெளியே தெரியாமல் தைப்பது) வழி என்று தெரியும், ஆனால் சிறு துண்டில் போட்டுப் பார்த்தபோது ஏணி மாதிரி இடைவெளி தெரிந்தது. துண்டுகளை முதலில் நனைத்துக் காய வைக்க வேண்டுமா, தைத்த பிறகா?

---

ஊசிமுனை பதில்:

முதலில் நனைத்து, அளவுக்குப் பரப்பி, குண்டூசி குத்தி, முழுக்கக் காயட்டும். ஸ்டாக்கினெட்டின் ஓரம் தானாக உள்ளே சுருளும். சுருண்ட ஓரத்தில் எது ஓரக் கண்ணி, எது இரண்டாவது என்று பார்ப்பதே பாடு. காய்ந்த துண்டின் ஓரம் தட்டையாக நிற்கும், அக்குள் வரையுள்ள 40 செ.மீ.யின் 112 வரிசையும் எண்ணும்படி தெரியும்.

தைக்கும் நூல் அதே நூல்தான், அது ஒழுங்கான முறுக்குள்ள நூலாக இருந்தால். ஒற்றை இழை, தளர் முறுக்கு, ரோம நூல் என்றால் அதே நிறத்தில் வழுவழுப்பான, சற்று மெல்லிய வேறு நூல் எடுங்கள். துவைக்கும் குணம் மட்டும் ஒத்திருக்க வேண்டும். மெஷினில் துவைக்கத் தகுந்த சூப்பர்வாஷ் கம்பளி ஸ்வெட்டரைச் சாதாரணக் கம்பளி நூலால் தைத்தால், துவைப்பில் தையல் நூல் மட்டும் இறுகிச் சுருங்கும், பக்கம் நெடுகப் புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு விழும்.

40 செ.மீ. தையலுக்கு நூல் அதன் இரண்டரை மடங்கும், வாலுக்கு 30 செ.மீ. கூடுதலும், மொத்தம் 130 செ.மீ. அவ்வளவையும் ஒரு முனையிலிருந்து இழுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு குறுக்கு நூலிலும் உரசி நூல் பிய்ந்து மெலிந்துவிடும். தையலின் நடுவில் தொடங்குங்கள். நூலில் பாதியைத் தொங்கவிட்டு மறுபாதியால் மேலே அக்குள்வரை, பிறகு தொங்கும் பாதியால் கீழே ரிப்வரை.

தொடங்குமுன் இரண்டு துண்டிலும் ரிப் முடியும் இடம், பாதி, அக்குள் என்று அடையாள வளையங்களால் ஒன்றுசேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல பக்கம் மேலே பார்க்க, மேஜைமேல் அருகருகே பரப்புங்கள்.

இப்போது ஓரத்தை உற்றுப் பாருங்கள். ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில் லேசாக விலக்கினால் சிறு சிறு குறுக்கு நூல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். வரிசைக்கு ஒன்று. இடத் துண்டில் ஒரு குறுக்கு நூலுக்கு அடியில் ஊசியை விட்டு மேலே எடுங்கள். வலத் துண்டில் அதற்கு எதிரே உள்ளதற்கு அடியில் விடுங்கள். மறுபடி இடது: முன்பு ஊசி வெளியே வந்த அதே துளைக்குள் இறங்கி, அடுத்த குறுக்கு நூல். இப்படி இடமும் வலமும் மாறி மாறி. துளை மாறிவிட்டால் ஒரு வரிசை விடுபடும்.

10 வரிசைவரை தளர்வாக விட்டால் ஏணி தெரியும். நீங்கள் பார்த்தது அதுதான். அந்தக் கட்டத்தில் நூலைத் தையலின் போக்கிலேயே, மேல்நோக்கி, மெல்ல இழுங்கள். ஏணி மூடிக்கொண்டு, இரண்டு ஓரக் கண்ணிகளும் பின்னால் புரண்டு, இரண்டு துண்டின் வி வரிசைகளும் பக்கத்தில் பக்கமாக ஒட்டும். பிறகு அந்த இடத்தை இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் ஒருமுறை நீட்டிவிடுங்கள். நூல் வேண்டிய அளவுக்குத் தளர்ந்து, துணியோடு சேர்ந்து நீளும். இந்த நீட்டலைச் செய்யாததால்தான் பலருடைய பக்கத் தையல் முன்னும் பின்னும் உள்ள துணியைவிடக் குட்டையாகித் தூக்கிக்கொள்கிறது. இறுக்கிய பிறகும் ஏணி தெரிந்தால், ஊசி ஓரக் கண்ணியின் பாதியை எடுக்கிறது என்று பொருள். ஒரு முழுக் கண்ணி உள்ளே தள்ளி எடுங்கள். மிகத் தடித்த நூலில் மட்டும் அரைக் கண்ணி போதும், மேடு குறையும்.

முன் துண்டு 3 செ.மீ. மிஞ்சியதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. கெட்டித்தையலில் அடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது. மேல் துண்டு தையலுக்குத் தையல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். இங்கே வரிசைக்கு வரிசை பிணைவதால் நகர இடமே இல்லை. பூர்த்தியாகும்போது இரண்டு பக்கமும் 112இல் நின்றே ஆக வேண்டும்.

கீழே ரிப் முனைக்கு வந்ததும் எட்டு வடிவத்தில் முடியுங்கள்: ஒரு துண்டின் மூலையில் பின்னாலிருந்து முன்னால், மற்றதின் மூலையில் பின்னாலிருந்து முன்னால், மறுபடி முதல் மூலை. இழுத்தால் பின்னலைத் தொடங்கிய இரண்டு காஸ்ட் ஆன் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும். 102 கண்ணி உங்களுக்கு நல்ல எண்ணாக அமைந்திருக்கிறது. நான்கால் வகுத்து 2 மிச்சம் என்பதால் ரிப் இரு முனையிலும் 2 நிட்டில் நிற்கும். தையலுக்குள் தலா ஒன்று போனால் வெளியே 1 + 1, இரண்டு நிட். ரிப் முறியாமல் சுற்றி ஓடும்.

அடுத்த ஸ்வெட்டருக்கு: ஓரத்தின் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிடும் பழக்கம் இருந்தால், தைக்கப் போகும் ஓரத்தில் வேண்டாம். இரண்டு வரிசைக்கு ஒரு நீண்ட கண்ணி என்று ஓரம் தளர்ந்து, தையலை இறுக்க இறுக்கத் துளை விழும். மஃப்ளர் ஓரத்துக்கு அது அழகு.

---

இடவலம் பதில்:

கை விஷயம் நான் சொல்றேன். முறை வரிசை: தோள், கழுத்துப்பட்டை, கையை உடம்போட சேர்ப்பது, கடைசியா கை முனையிலேர்ந்து அக்குள் வழியா இடுப்புவரை ஒரே தையல். கையைக் குழாயா மூடிட்டு அப்புறம் கைக்குழியில பொருத்தப் போகாதீங்க. மேஜைமேல தட்டையா பரப்ப முடியாம போயிடும்.

90 கண்ணியில ஓரம் இரண்டும் கையோட அடித்தையலுக்குள்ள போயிடும், ஆக 88. உடம்புப் பக்கம் 62 + 62 = 124 வரிசை. கண்ணி அகலமும் வரிசை உயரமும் ஒண்ணு இல்ல: 20 கண்ணி நிக்கிற 10 செ.மீ.ல 28 வரிசை நிக்குது. அதாவது 5 கண்ணிக்கு 7 வரிசை. ஒண்ணுக்கு ஒண்ணு தைச்சா 36 வரிசை மிச்சம் நிக்கும், அதைக் கடைசியில அமுக்கினா அக்குள்ல கொசுவம்.

கை மேல் விளிம்போட நடுவைத் தோள் தையல்ல பின் பண்ணுங்க. இரண்டு பக்கமும் 44 கண்ணி, 62 வரிசை. தோளிலேர்ந்து அக்குளுக்கு இறங்குங்க. கைப்பக்கம் காஸ்ட் ஆஃப் சங்கிலிக்கு அடியில உள்ள ஒரு முழு வி. உடம்புப் பக்கம் ஓரக் கண்ணிக்கு உள்ளே உள்ள குறுக்கு நூல். ஒவ்வொரு விக்கும் எதிரே குறுக்கு நூல் எத்தனைன்னா: 1, 2, 1, 2, 1. இதுதான் 5க்கு 7. இதை 8 தடவை போட்டா 40 கண்ணி, 56 வரிசை. மிச்சம் 4 கண்ணி, 6 வரிசை: 1, 2, 1, 2. சரியா அக்குள்ல முடியும். மறுபக்கமும் இதே கணக்கு.

சங்கிலி இறுக்கமா இருந்தா எந்தக் கணக்கும் பலிக்காது. கை மேல் விளிம்பைத் தைக்கிறதுக்கு முன்னால அளந்து பாருங்க, 44 செ.மீ. கிட்ட வரணும். 41, 42 தான் வருதுன்னா காஸ்ட் ஆஃபைப் பிரிச்சு 4.5 அல்லது 5 மி.மீ. ஊசியில திரும்பப் போடறது உத்தமம்.

---

கம்பளிக்கூடை பதில்:

தோள் பற்றி இடவலம் சொன்ன காரணம் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வளைவில்லாத கைக்குழியைக் கணக்கில் எடுக்காமல் எழுதிவிட்டேன். நீளாத சங்கிலி அங்கே அவசியம்.

அக்குளில் முன், பின், கையின் இரண்டு ஓரம் என்று நான்கு மூலைகள் ஒரே இடத்தில் சந்திக்கும். எவ்வளவு சரியாகத் தைத்தாலும் நடுவில் ஒரு சின்னத் துளை நிற்கும். அதைத் தாண்டும்போது ஊசியை நான்கு மூலைக் கண்ணிகளுக்குள்ளும் ஒரு சுற்று விட்டு இழுத்துவிட்டுப் பிறகு மேலே போங்கள். பின்னால் தனியாக மூட முயன்றால் முடிச்சு மாதிரி திரளும், அக்குளில் அது உறுத்தும்.

நூல் வால்களை முன்பக்கத் துணிக்குள் மறைக்காதீர்கள். தையலுக்குள் புரண்டிருக்கும் ஓரக் கண்ணிகளுக்குள் 5, 6 செ.மீ. ஓட்டி, திசை மாற்றி 2 செ.மீ. திரும்பி வந்து வெட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் தையலின் உள்பக்கத்தில் ஈரத்துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் மேலே காட்டி ஆவி மட்டும் இறங்கவிட்டு, விரலால் தையலைப் பிரித்து விடுங்கள். ரிப்மேல் ஆவி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதன் இழுவை போய்விடும்.